‘இடர்’ என்னும் சொல்லும் திருநங்கையர் வாழ்வெழுத்தும்: போடி மலைச்சரிவை முன்வைத்து

திருநங்கையரைப் பற்றிய நலவாழ்வு ஆவணங்கள் ‘உயர் இடர்ப் பிரிவினர்’ என்னும் தொடரோடு தொடங்குவது வழக்கம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2017ஆம் ஆண்டுக் கண்காணிப்பு, திருநங்கையரிடையே எச்.ஐ.வி. தொற்று 3.14 விழுக்காடு என்றது. அவ்வாண்டில் வயதுவந்தோருக்கான நாட்டு மதிப்பீடு 0.22 விழுக்காடு. எண்களில் பிழையில்லை. ஆனால் அவை இடரை ஒரு மக்கட்பிரிவின் இயல்பாகவே தோன்றச் செய்கின்றன. இடர் எவ்விடத்தில், யாரால், எப்பொழுதில் உண்டாகிறது என்னும் வினாவுக்கு அட்டவணையைக் காட்டிலும் வாழ்வெழுத்தே தெளிவாக விடையளிக்கிறது.

லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ (2007), ரேவதியின் ‘வெள்ளை மொழி’ (2011) ஆகிய இரு தன்வரலாறுகள் இங்கு நோக்கத்தக்கன. மொழியியலில் முதுகலை பயின்ற வித்யா, புனே இரயில்களில் கையேந்த நேர்ந்தது. ரேவதி பாலியல் தொழிலுக்குள் சென்றார். கடை கேட்டல், பாலியல் தொழில் என்னும் இரண்டே வழிகள் திறந்திருந்த சூழலில் ‘நடத்தை’ என்பது பிற்பட்டதே. வேலை மறுக்கப்பட்டதே முற்பட்டது. ரேவதியின் நூலில் ரவுடிகளும் காவலரும் அடுத்தடுத்து வருகின்றனர். அடியும் பறிப்பும் வன்புணர்வும் நிகழும் அவ்விடத்தில் ஆணுறை பற்றிய அறிவு இருந்தும் அதனை வலியுறுத்தும் ஆற்றல் இல்லை. விழிப்புணர்வுக் குறைவே தொற்றுக்குக் காரணம் என்னும் வாதம் இங்கே வலுவிழக்கிறது. (இத்தன்வரலாறு 2010இல் ஆங்கிலத்திலேயே முதலில் வெளிவந்தது என்பதும் தமிழ்ச் சூழலைப் பற்றிச் சிறிது சொல்லவே செய்கிறது.)

மதுவைப் பற்றிய மௌனமே இன்னும் பெரிது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஊசிவழிப் போதை கொள்வோர் தனிப் பிரிவினர்; மது அருந்துவோருக்கு அத்தகைய பிரிவு இல்லை. ஆகவே ஊசி எண்ணப்படுகிறது, புட்டி எண்ணப்படுவதில்லை. பாலியல் தொழிலில் வாடிக்கையாளரோடு குடிப்பது பலவேளை வேலையின் ஒரு பகுதி. மறுத்தால் கூலி போகும். அச்சத்தையும் வலியையும் மழுங்கச் செய்யும் அதே மது, பாதுகாப்பைப் பேரம்பேசும் தெளிவையும் மழுங்கச் செய்கிறது; கூட்டு மருந்துச் சிகிச்சை பெறுவோர் அன்றாட மாத்திரையைத் தவறவிடவும் காரணமாகிறது. மருத்துவ மானிடவியலர் மெரில் சிங்கர், வறுமையும் வன்முறையும் போதையும் தொற்றும் ஒன்றையொன்று வளர்ப்பதை ஒரே நோய்க்கூட்டாகக் காண வேண்டும் என்றார். தமிழகத்திலோ 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் வசமே உள்ளது. போதைமீட்பு மையங்கள் பெரும்பாலும் ஆண்களுக்கான உறைவிடங்களாகவே இயங்குகின்றன. அங்கு ஒரு திருநங்கை எந்தப் படுக்கைக்கு உரியவர்?

இக்கேள்வி போடிநாயக்கனூரில் வேறொரு வடிவம் கொள்கிறது. ஏலக்காய் ஏலம் நடைபெறும் இவ்வூரிலிருந்து விடியுமுன்னே தொழிலாளர் ஜீப்புகள் போடிமெட்டு வழியே பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களுக்கு ஏறுகின்றன, மாலையில் இறங்குகின்றன. பணமும் மதுவும் ஆட்களும் மாநில எல்லையை நாள்தோறும் கடக்க, நலத்திட்டங்கள் மட்டும் கடப்பதில்லை. தமிழகத் திருநங்கையர் நலவாரியம் 2008இல் தோன்றியது. கேரளம் 2015இல் தன் திருநர் கொள்கையை வெளியிட்டது. இரண்டும் எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் தனித்தனியே நிற்கின்றன. சிகிச்சைக்கோ, க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்கிவர வேண்டும். ஒருநாள் வருமானம் அதிலே போகும். கூவாகத்தில் சித்திரைத் திருவிழா நாள்களில் குவியும் முகாம்களையும் ஆய்வாளர்களையும் கண்டவர்கள், ஆண்டு முழுதும் நீளும் இந்த மலைச்சாலையை ஆய்வுக்களமாகக் கருதுவதில்லை.

‘குடிப்பழக்கம் உண்டா, இல்லையா’ என இரு கட்டங்கள் மட்டும் கொண்ட வினாநிரல் இத்தகைய களத்திற்குப் போதாது. மதுவை வாங்கியவர் யார், வேலைக்கு முன்னா பின்னா, மறுத்தபோது நிகழ்ந்தது என்ன, அன்றிரவு திரும்பிவர ஊர்தி இருந்ததா என்பனவும் கேட்கப்பட வேண்டியவை. வாழ்வெழுத்துகள் இவ்வினாக்களை ஏற்கெனவே கேட்டுவிட்டன. நலவாழ்வு ஆய்வு அவற்றை இலக்கியம் என ஒதுக்கி வைத்திருக்கிறது.