வாலஸின் வண்டுப் பித்து

ஆல்பிரட் ரசல் வாலஸ் 1869-இல் வெளியிட்ட ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ என்னும் பயண நூலைப் போற்றுவோர் அதன் ஆராய்ச்சித் திறனையே பெரிதும் எடுத்துரைப்பர். நூலாசிரியர் தமது பித்தை ஒளிக்காமல் எழுதியிருப்பதையும் போற்றுதல் தகும். ‘பூச்சியும் பறவையும் எதற்கு?’ என்று ஆரு தீவினர் அவரைத் துளைத்தெடுக்கின்றனர். தம் நாட்டார் பார்த்து மகிழவே என்றால் நம்ப மறுக்கின்றனர். அவர் நாட்டின் பெயரையே பொய் என்கின்றனர்! அக்காட்சியை அவர் மறைக்கவில்லை. பாச்சான் தீவில் பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று வலையில் விழ, நெஞ்சு படபடத்து, அன்று முழுதும் தலைவலியாம். பிறருக்கு இஃது அற்பக் காரணமே என்று அவரே ஒப்புகிறார். சிங்கப்பூரில் ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டில், ஏறத்தாழ இரண்டே மாதத்தில் 700 வகை வண்டுகளைத் திரட்டியவர் வேறு எப்படி எழுதுவார்?

சரவாக்கில் ஓராங் ஊத்தான்களைச் சுடும் பக்கங்களிலும் அதே ஆர்வம் இருப்பதுதான் உறுத்துகிறது. தாயைச் சுட்டு வீழ்த்தியபின், பால் கிடைக்காமையால் குட்டிக்குக் கஞ்சித்தண்ணீர் ஊட்டி வளர்க்கிறார். அப்பகுதி நம்மை உருக்குகிறது. மூன்று மாதம் நிறையுமுன் அது மடிகிறது. தோலையும் எலும்புக்கூட்டையும் பதப்படுத்துகையில்தான், மரத்திலிருந்து விழுந்தபோதே அதன் கையும் காலும் ஒடிந்திருக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியவருகிறது.