மாணாக்கனது நன்றியும் அத்துவிதமும்

நீலமலைமேல் உதகை நகரை அடுத்த பெர்ன்ஹில் என்னும் இடத்தில் நாராயண குருகுலம் உளது. 1923-ஆம் ஆண்டு அந்நிலையத்தைத் தோற்றுவித்தவர் நடராச குரு (1895–1973) என்பார். தாம் நிறுவியதற்குத் தம் பெயரை இடாது, தம் ஆசிரியராகிய நாராயண குருவின் பெயரையே அவர் இட்டார். பின்னர்ப் பாரிசு நகரத்துச் சார்போன் கழகத்திற் பயின்று, ஆசிரியன் மாணாக்கன் என்னும் இருவர்தம் தொடர்பே கல்வியின் உயிர்நிலை என்பதனை ஆராய்ந்து பட்டம் பெற்றார். 1952-இல், 'குருவின் மொழி' எனப் பொருள்படும் பெயரால், தம் ஆசிரியரது வாழ்வையும் உபதேசத்தையும் ஆங்கிலத்தில் நூலாக்கினார். அந்நூற்கு அடிப்படையாகிய கொள்கையை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

மலையாள நாட்டு அத்துவித குரவர் ஒருவரைப்பற்றிய நூலால் சைவர்க்கு ஆவதென்னை எனின், கூறுதும். நாராயண குரு மருந்துவாழ்மலையில் தவம் இயற்றியவர். தமிழிற் சிவபெருமான்மீது தேவாரப் பதிகங்கள் பாடியவர். ஒழிவிலொடுக்கத்தை மலையாளத்தில் மொழிபெயர்த்தவர். ஈழவர் குலத்திற் பிறந்தார்க்குத் திருக்கோயில் அடைபட்டிருந்த காலத்து, 1888-இல், அருவிப்புறத்திற் சிவலிங்கம் நாட்டியவரும் அவரே. ஆதலின் அவரைக் குறித்த ஆராய்ச்சி நமக்கு அயலதன்று.

நடராச குருவின் கொள்கையிற் போற்றற்பாலது ஒன்றுண்டு. ஆசிரியனும் மாணாக்கனும் ஒருவரையொருவர் நோக்கிய இருமுனையாய் நின்றவழியே ஞானம் பிறக்கும் என்பது அவர் துணிபு. வெறும் நூலறிவு உயிரை உய்விக்காது என்பதும், குருவருள் இன்றியமையாதது என்பதும் நமக்கும் உடன்பாடே. முதல்வனே குருவடிவாய் எழுந்தருளி உணர்த்துவன் என்பது சிவஞானபோதம் எட்டாஞ் சூத்திரத்தின் கருத்தன்றோ!

இனி, தடை நிகழ்வது முடிந்த முடிபின்கண்ணே. அம்முனைகள் இரண்டும் இறுதியில் ஒரே முழுமுதற் பொருளில் ஒன்றாய் அடங்கும் என்பர் அவர். அங்ஙனம் அடங்கியவழி நன்றி யாண்டு நிற்கும்? நன்றி என்பது கொடுத்தான் ஒருவனையும் கொண்டான் ஒருவனையும் வேண்டி நிற்பது. கொண்டானும் கொடுத்தானும் ஒருவனே எனின், தனக்குத் தான் நன்றி பாராட்டுதல் கூடாமையின், அச்சொல் பொருளிழக்கும்.

அற்றன்று, வியவகாரத்தில் இருமை உண்டாகலின் நன்றியும் அவ்வளவிற் பொருந்தும் என்பாராயின், ஞானம் முதிருந்தோறும் நன்றி தேயவேண்டும். நடராச குருவின் வாழ்வோ அதற்கு மாறாயிற்று. ஆசிரியர் 1928-இற் சமாதியுற்ற பின்னரும் நாற்பது ஆண்டுகட்கு மேலாக அவர்தம் மொழியைப் பிறநாட்டார்க்கும் உணர்த்துதலையே தம் தொழிலாகக் கொண்டார். அறிவு முதிர முதிர நன்றியும் முதிர்ந்தது. அவர்தம் கொள்கை விளக்கமாட்டாத ஒன்றை அவர்தம் வாழ்வு விளக்கிற்று என்க.

மெய்கண்டார் அத்துவிதம் என்னும் சொற்கு ஒன்று எனப் பொருள் கொள்ளாது, இரண்டாய் நின்ற பொருள் பிரிவின்றி நிற்றலே பொருளாகக் கொண்டனர். அந்நிலையில் ஒற்றுமைக்கும் குறைவில்லை, வணங்குதற்கும் இடனுண்டு. சகலாகம பண்டிதராகிய அருணந்தி சிவாசாரியார், மெய்கண்டாரைப் பெற்றார்க்குக் குலகுருவாயிருந்தும், அவ்விளையாரையே குருவாக அடைந்தார். வெண்பாவும் ஆசிரியப்பாவும் மாறிவர அவர் பாடிய இருபாஇருபஃது என்னும் நூல் பெரும்பாலும் குருவை முன்னிலைப்படுத்தி வினாவுவதே. ஞானம் பெற்ற பின்னும் மாணாக்கன் மாணாக்கனாகவே நிற்றற்கு இதனின் மேம்பட்ட சான்று வேண்டா.

அற்றேல், உலகிற்குத் தொண்டு செய்தல் எவ்வாறு பெறப்படும் எனின், குரு வேண்டுவது ஒன்றும் இலர். அவர்க்குத் திருப்பிக் கொடுத்தற்கு மாணாக்கன்பால் யாதும் இன்று. செலுத்தற்கிடமின்றித் தேங்கிய அக்கடன் பிற உயிர்கள்மாட்டுச் செல்லல் வேண்டும். அடியாரையும் ஆலயத்தையும் சிவனெனவே தொழுக என முத்தர்க்கும் விதித்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் நூலை முடித்தது இக்கருத்துப் பற்றியே.

இதுகாறும் பிறர் கொள்கையிற் குறை கண்டோம். நம் குறையையும் மறைத்தலாகாது. முதியவர் இளையாரை வணங்கிய மரபைப் பெருமையோடு பாடஞ்சொல்லும் நாம், பிறப்புப் பற்றி மாந்தரைக் கோயில் வாயிலில் நிறுத்தியபோது வாளா இருந்தோம். திருவிதாங்கூரில் 1936-இல் அரசாணை பிறந்த பின்னரே கதவு திறந்தது. அருவிப்புறத்து இலிங்கம் நாட்டப்பெற்று அப்பொழுது நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. சித்தாந்தம் நம்பால் இருந்தது; அதன் பயனாகிய தொண்டினை அத்துவித குரவர் செய்தனர். குருபரம்பரைக்கு நாம் பட்ட கடன் அவ்வளவிற்கு இன்னும் அடையாது நிற்கின்றது. கொள்கையால் வாதிடுமுன் அக்கடனைச் செயலால் தீர்த்தல் நமக்குக் கடப்பாடாம்.