ஒரே துப்பாக்கி, இரண்டு பெட்டித் தோட்டா

டெக்சஸில் 10 மி.மீ. கைத்துப்பாக்கி வாங்குகிறவர்கள் அதனிடம் பெரும்பாலும் இரண்டு வேலைகளை எதிர்பார்க்கிறார்கள். இரவில் வீட்டுக்குக் காவலாக இருக்க வேண்டும். வார இறுதியில் பண்ணையைத் தோண்டிப்போடும் காட்டுப்பன்றியையும் வீழ்த்த வேண்டும். கடையில் கேட்டால் இரண்டுக்கும் பொதுவானது என்று ஒரே பெட்டியை எடுத்து நீட்டுவார்கள். இந்தக் குளிர்காலம் முழுக்க என் 10 மி.மீ. க்ளாக் 20-இல் பல வகைத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்துவிட்டேன். அந்தப் பொதுப் பெட்டியை வாங்காதீர்கள்.

துப்பாக்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 4.6 அங்குலக் குழல், 15 தோட்டா பிடிக்கும் மேகசின், பெரிய கைப்பிடி, சேற்றில் விழுந்தாலும் சுடும் குணம். எனக்கு க்ளாக் மீது பழைய பாசம் உண்டு, அது இந்தக் குளிர்காலத்தில் குறையவில்லை. பேச வேண்டியது அதன் வயிற்றுக்குள் போவதைப் பற்றித்தான்.

வீட்டுக் காவல் தோட்டாவின் இலக்கணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அது பன்றிக்கு ஏன் ஒத்துவராது என்பது தானே புரியும். 1986 ஏப்ரலில் மியாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகளுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையர்களுக்கும் நடந்த சண்டையில் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். தொடக்கத்திலேயே ஒரு கொள்ளையன் மேல் பட்ட 9 மி.மீ. குண்டு அவன் கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்தை எட்டும் முன்பே நின்றுவிட்டது. அதன்பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். அந்தக் குறையிலிருந்துதான் இன்றைய சோதனை முறை பிறந்தது. பத்து சதவீத ஜெலட்டின் கட்டிக்குள் குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18-ஐத் தாண்டக் கூடாது. கனத்த உடை, சுவர்ப்பலகை, ஒட்டுப்பலகை, தகரம், கார் கண்ணாடி இவற்றைக் கடந்த பிறகும் அப்படியே.

குழிமுனைக் குண்டு இந்தக் கணக்குக்காகவே செதுக்கப்பட்டது. முனையில் உள்ள குழி ஈரமான திசுவில் பட்டதும் இதழ்களாக விரியும். விரிந்ததால் வேகம் குறைந்து உள்ளேயே நிற்கும். பழைய வகைகளில் குழிக்குள் உடையின் துணி அடைத்துக்கொண்டால் குண்டு விரியாமல் நேரே போய்விடும். ஹார்னடி நிறுவனத்தின் கிரிட்டிக்கல் டியூட்டி அந்தக் குழியை மென்மையான பாலிமர் முனையால் நிரப்பி இதைத் தீர்த்திருக்கிறது. வீட்டுக்கு நான் தேர்ந்தெடுத்தது அதில் 175 கிரெய்ன் எடைக் குண்டு கொண்ட தோட்டாதான். சிக்காமல் ஏறுகிறது, 10 மி.மீ.க்கு உதை மிதமாகவே இருக்கிறது, இரண்டாவது குறி சீக்கிரம் கிடைக்கிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: 12 அங்குலம் போகிற எந்தக் குண்டும் இந்த ஊர் ஜிப்சம் சுவர்களில் இரண்டு மூன்றைத் துளைத்துவிடும். குறிக்குப் பின்னால் எந்த அறை, அதில் யார் தூங்குகிறார்கள் என்பதைத் துப்பாக்கியைக் கையில் எடுக்கும் முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

இனி பன்றிக்கு வருகிறேன், ஏனென்றால் என்னை ஆட்கொண்டது அந்தப் பக்கம்தான். டெக்சஸில் 2019 செப்டம்பர் முதல், நில உரிமையாளர் அனுமதித்தால் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றியைச் சுட வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. அவ்வளவு சேதம். வளர்ந்த ஆண் பன்றியின் தோள்களின் மேல், தோலுக்கும் தசைக்கும் நடுவே, குருத்தெலும்பு போல இறுகிய ஒரு படலம் உண்டு. ஆங்கிலத்தில் அதைக் கேடயம் என்றே அழைக்கிறார்கள். ஆண்களுக்குள் நடக்கும் சண்டையில் எதிராளியின் கோரைப்பல்லைத் தாங்குவதற்காக வளர்ந்தது. வயதான பன்றியில் ஓர் அங்குலத்துக்கு மேலும் தடித்திருக்கும். இதயமோ நாம் நினைப்பதைவிடத் தாழ்வாகவும் முன்னாலும், முன்கால்களுக்கு நடுவே இருக்கிறது. மானைச் சுட்டுப் பழகியவர்கள் குறிவைக்கும் இடம் பன்றிக்குப் பின்தள்ளிப் போய்விடும். ஆக, இதயத்துக்கான நேர்வழி கேடயத்தின் ஊடாகவே போகிறது.

அங்கேதான் குழிமுனை தோற்கிறது. பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் குழிமுனைக் குண்டு நல்ல பருமனான ஓர் ஆண் பன்றியின் தோளில் சரியான இடத்தில் பட்டது. விளம்பரப் படம் போல அழகாக விரிந்தது. விரிந்ததாலேயே நெஞ்சறைக்குள் போதுமான ஆழம் போகவில்லை. காயத்தோடு மெஸ்கீட் புதருக்குள் ஓடிய அதை இருட்டில் தேடி முடித்துவைக்க வெகுநேரம் ஆயிற்று. பயிரை அழிக்கிறது என்பதற்காக ஒரு விலங்கை அப்படி வதைக்க யாருக்கும் உரிமை இல்லை. அந்தத் தோட்டாவில் எந்தக் கோளாறும் இல்லை, தனக்குச் சொல்லித்தந்த வேலையைச் செய்தது. பெட்டியில் வேட்டை என்ற சொல்லைப் போட்டதுதான் தவறு.

அதன்பிறகு பஃபலோ போர் நிறுவனத்தின் 220 கிரெய்ன் வார்ப்புக் குண்டுக்கு மாறினேன். பார்க்க எந்தக் கவர்ச்சியும் இல்லாத சாம்பல் நிற ஈயம். செம்புக் கவசம் இல்லை, குழி இல்லை. முனை சுத்தியல் தலைபோலத் தட்டை. கெட்டியாவதற்காக ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து வார்க்கிறார்கள். எல்மர் கீத் போன்ற பழைய ரிவால்வர்காரர்கள், 1955-இல் .44 மேக்னம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, பெரிய விலங்குக்கு இப்படிப்பட்ட குண்டைத்தான் நம்பினார்கள். எலும்பில் பட்டாலும் உருக்குலையாது, வழி மாறாது. அகன்ற தட்டைமுனை போகிற வழியெல்லாம் திசுவை வெட்டிக்கொண்டே போகிறது. ஒரு பக்கக் கேடயத்தைத் துளைத்து, இரண்டு நுரையீரலையும் கடந்து, பெரும்பாலும் மறுபக்கம் வெளியேறிவிடுகிறது. இரண்டு துளைகளிலிருந்தும் இரத்தம் விழுவதால் தடம் பார்ப்பது எளிது. ஆனால் தடம் பார்க்க வேண்டிய அவசியமே அரிதாகிவிட்டது, அதிக தூரம் ஓடுவதில்லை. இறைச்சியும் சிதைவதில்லை. கிலோக்கணக்கில் கனக்கும் ரைஃபிளைப் பண்ணைக்கு எடுத்துப்போவதையே நிறுத்திவிட்டேன். இவ்வளவு பழைய தொழில்நுட்பம் இவ்வளவு நிம்மதி தரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இதை வீட்டுக்குள் வைக்கலாமா என்று கேட்காதீர்கள். பன்றியின் மறுபக்கம் வெளியேறுவது அண்டை வீட்டுச் சுவரையும் கேட்காமல் கடக்கும்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். என் துப்பாக்கியின் குழல் பழைய வகை. கூரிய வரிப்பள்ளம் இல்லாமல் உருண்ட பக்கங்கள் கொண்டது. அதில் கவசமில்லா ஈயக் குண்டைச் சுட வேண்டாம் என்று க்ளாக்கே அறிவுறுத்துகிறது, ஈயம் படிந்தால் அழுத்தம் ஏறும். வழக்கமான வரிப்பள்ளம் வெட்டிய வேறு குழல் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன்; பத்து நொடி வேலை. அடுத்து, 220 கிரெய்ன் குண்டு 175-ஐவிட என் துப்பாக்கியில் சற்று மேலே படுகிறது. 25 கெஜத்தில் அட்டையில் சுட்டு வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுத்தான் வயலுக்குப் போக வேண்டும். மேகசின்களின் அடியில் வண்ணம் பூசிப் பிரித்து வைத்திருக்கிறேன், சிவப்பு வயலுக்கு.

என்னைத் தொடர்ந்து எரிச்சலூட்டுவது பெட்டிமேல் அச்சிடும் குண்டு வேகத்தின் எண். 10 மி.மீ. என்று எழுதிய பெட்டிகள் பலவற்றுக்குள் இருப்பது, அதைக் குட்டையாக்கி 1990-இல் கொண்டுவந்த .40 எஸ் அண்ட் டபிள்யூவின் பலம்தான்: 180 கிரெய்ன், நொடிக்கு ஆயிரத்துச் சொச்சம் அடி. விலை மட்டும் முழு 10 மி.மீ. விலை. பெரிய காசு கொடுத்து வலுவான துப்பாக்கி வாங்கியவனுக்கு இது அநியாயம். அந்த எண்ணும் எந்த நீளக் குழலில் அளந்தது என்று பலர் சொல்வதில்லை. பஃபலோ போர் தன் 220 கிரெய்னுக்கு 1,200 அடி என்று சொல்லிவிட்டு, கடையில் கிடைக்கும் எந்தெந்தத் துப்பாக்கியில் எவ்வளவு வந்தது என்றும் பட்டியல் போடுகிறது. என் வேகமானியும் அதற்கு மிக அருகில்தான் காட்டுகிறது. ஒரு தோட்டாவுக்கு ஒரு டாலருக்கு மேல் வாங்குகிற மற்றவர்களும் அந்த ஒரு வரியைப் பெட்டியில் போடட்டும். அதுவரை வேகமானி இல்லாமல் புதுப் பெட்டி எதையும் நான் பண்ணைக்கு எடுத்துப்போவதாக இல்லை.