ஒரே டிரைவர், இரண்டு முதுகு: பலெர்மோவில் எல்சிடி-எக்ஸும் எல்சிடி-எக்ஸ்சியும்

ஓபன்-பேக் வாங்கலாமா, குளோஸ்டு-பேக் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டால், பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு ஹெட்போன்களை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். டிரைவர் வேறு, காதுமெத்தை வேறு, செய்த நிறுவனமே வேறு. காதில் விழும் வித்தியாசம் எதனால் வந்தது என்று பிரித்தறிய அங்கே வழியில்லை. முதுகை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை ஏறக்குறைய அப்படியே விட்ட ஜோடி அரிது. பிளேனார் வகையில் அதற்கு மிக அருகில் வருபவை ஆடிஸி நிறுவனத்தின் எல்சிடி-எக்ஸும் எல்சிடி-எக்ஸ்சியும். சங்கர் தியாகசமுத்திரம் இணை நிறுவனராக இருந்து கலிஃபோர்னியாவில் வளர்த்த நிறுவனம் இது. 2023-ல் சோனி இன்டராக்டிவ் என்டர்டெயின்மென்ட் அதை வாங்கியது. இரண்டு ஹெட்போன்களும் 2013-ல் அறிமுகமானவை. இரண்டிலும் 106 மில்லிமீட்டர் டிரைவர், 20 ஓம் மின்தடை. எக்ஸின் பின்புறம் துளையிட்ட உலோகத் தகடு. எக்ஸ்சியின் பின்புறம் காற்றுப் புகாத கிண்ணம்.

பலெர்மோவில் ஒலிப்பதிவு வேலை செய்யும் நண்பர் ஒருவர் இரண்டையும் இரவல் தந்தார். லேப்டாப்பில் செருகும் சிறிய டாங்கிள்தான் என்னிடம் இருந்தது. இரண்டுக்கும் அது போதும். ஆனால் ஒரு வேலையை மட்டும் முதலில் செய்தாக வேண்டும். ஒரு மில்லிவாட் மின்சாரத்துக்கு எக்ஸ் 103 டெசிபல் தரும், எக்ஸ்சி 100 டெசிபல் தரும். ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டும்போது ஒலியளவைத் தொடாமல் விட்டால் எக்ஸ் 3 டெசிபல் கூடுதலாகக் கேட்கும். நம் காது சத்தமாக இருப்பதை நல்லது என்று எடுத்துக்கொள்ளும். கடைகளில் நடக்கும் ஒப்பீடுகள் பலவும் இந்த இடத்திலேயே கெட்டுப்போகின்றன. எக்ஸ்சிக்கு அந்த 3 டெசிபலைக் கூட்டி வைத்துத்தான் கீழே சொல்லும் எல்லாவற்றையும் கேட்டேன்.

முதுகுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதை, பிளேனார் வேலை செய்யும் விதம் தெரிந்தால் புரிந்துகொள்ளலாம். சாதாரண டைனமிக் ஹெட்போனில் ஒரு சின்னக் கூம்பை அதனோடு ஒட்டிய கம்பிச்சுருள் தள்ளுகிறது. பிளேனாரில் கூம்பு கிடையாது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய படலம் ஒன்று, அதன் பரப்பெல்லாம் மின்தடம், பக்கத்தில் காந்த வரிசை. மின்சாரம் பாய்ந்தால் படலம் முழுவதும் ஒன்றாக அசையும். அது காதை நோக்கிக் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் முதுகுப் பக்கம் காற்றை இழுக்கிறது. ஆக, காதுக்குப் போகும் ஒலிக்குச் சமமான ஒலி எதிர்ப்பக்கமும் போகிறது. அந்தப் பாதியை என்ன செய்வது? ஓபன்-பேக் அதை அறைக்குள் விட்டுவிடுகிறது. குளோஸ்டு-பேக் அதைப் பிடித்துவைத்து, கிண்ணத்துக்குள் இருக்கும் பஞ்சு போன்ற பொருளால் விழுங்கப் பார்க்கிறது. விழுங்க முடியாத மிச்சம் சுவரில் மோதித் திரும்பும். திரும்பி வருவதைத் தடுக்க நடுவில் இருப்பது அந்த மெல்லிய படலம் மட்டும்தான். அதுவோ ஒலிக்குப் பெரிய தடையே அல்ல. மென்மைதான் பிளேனாரின் சிறப்பு. மூடிய கிண்ணத்துக்குள் அந்த மென்மையே அதன் பலவீனம் ஆகிவிடுகிறது. அடைபட்ட காற்றும் படலத்தை எதிர்த்துத் தள்ளும்.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். எக்ஸை மாட்டிக்கொண்டு ஒரு பாட்டை ஓடவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் பின்தகட்டை மெல்ல மூடுங்கள். பாடுகிறவரின் குரல் சட்டென்று குடத்துக்குள் போய்விடும். கையை எடுத்தால் வெளியே வந்துவிடும். எக்ஸ்சியைச் செய்தவர்கள் போராடியது இந்தக் குடத்தோடுதான். அந்தப் போராட்டத்தில் அவர்கள் பெரும்பாலும் வென்றிருக்கிறார்கள், முழுக்க அல்ல.

இந்த நகரத்திலேயே இரண்டு வகையையும் ஒரே கட்டடத்தில் பார்க்கலாம். தியாத்ரோ மாஸ்ஸிமோ, 1897-ல் திறக்கப்பட்ட ஓப்பரா அரங்கு. ஜோவான் பத்திஸ்தா ஃபிலிப்போ பாசிலே வரைந்து தொடங்கியதை அவர் மகன் எர்னெஸ்தோ முடித்தார். அரங்கின் விதானத்தில் வர்ணம் தீட்டிய மர இதழ்கள் ஒரு பூவின் வடிவில் இருக்கின்றன. அவை காற்றோட்டத்துக்காகத் திறக்கக்கூடியவை. அதே கட்டடத்தில் சாலா பொம்பெயானா என்ற வட்டமான அறை ஒன்றும் உண்டு. அதன் நடுவில் நின்று பேசினால் உங்கள் குரல் உங்களுக்கே பல மடங்கு பெருகிக் கேட்கும்; ஓரத்தில் நிற்பவருக்கோ ஒரே முழக்கம், ஒரு சொல்லும் பிடிபடாது. உள்ளே பேசுவது வெளியே புரியக்கூடாது என்பதற்காக அப்படிக் கட்டினார்கள் என்று சுற்றிக்காட்டுபவர்கள் சொல்வார்கள். வளைந்த சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலி ஓர் இடத்தில் குவிந்து இன்னோர் இடத்தில் குழம்புவதை உடம்போடு உணர வேண்டுமானால் அங்கே போய் நிற்க வேண்டும். ஹெட்போன் கிண்ணத்தை ஏன் முழு அரைக்கோளமாகச் செய்யக்கூடாது என்பதும், உட்புறம் ஏன் உறிஞ்சும் பொருளால் நிறைந்திருக்கிறது என்பதும் அங்கே நின்றால் விளங்கிவிடும்.

நான் குடியிருப்பது பல்லாரோ சந்தையை ஒட்டிய தெருவில். 1980-களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் வந்து குடியேறிய பகுதிகளில் இதுவும் ஒன்று. பழைய கல்வீடுகள், உயரமான கூரை, தெருவைப் பார்த்த பால்கனிக் கதவு. விடிந்ததும் மீனுக்கும் கத்தரிக்காய்க்கும் வியாபாரிகள் ராகம் போட்டுக் கூவத் தொடங்குவார்கள். அந்தக் கூவலுக்கு இங்கே நெடிய மரபு உண்டு, எனக்கு அது பிடிக்கும். ஆனால் ஓபன்-பேக் மாட்டினால் அதுவும் பாட்டோடு சேர்ந்து உள்ளே வரும். எக்ஸின் பெருமையெல்லாம் பகலில் பாதியாகிறது. ஆலாபனையின் மெல்லிய பிடிகள், தம்புராவின் தேய்ந்து மறையும் ஓசை எல்லாம் தெருச் சத்தத்துக்கு அடியில் போய்விடுகின்றன. அதற்காக ஒலியைக் கூட்டினால் காதுக்குக் கேடு. எக்ஸ்சி வியாபாரியின் குரலைத் தூரத்து முணுமுணுப்பாக்கிவிடும். ஆனால் சந்துக்குள் நின்று உறுமும் மூன்று சக்கர ஆப்பே வண்டியின் கனத்த அதிர்வு இதையும் தாண்டி வரும். மூடிய கிண்ணம் நடு ஒலிகளையும் மேல் ஒலிகளையும் நன்றாகத் தடுக்கும், கீழ் ஒலிகளை அவ்வளவு தடுக்காது. இது பொதுவான இயல்பு, இந்த மாடலின் குறை அல்ல.

இரவில் சிக்கல் வேறு திசையிலிருந்து வருகிறது. என்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் தம்பி முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறவர். எக்ஸில் சத்தம் குறைத்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். “அண்ணை, உங்கட பாட்டு எனக்கும் கேக்குது. விடிய வெள்ளன வேலை” என்றார். பின்னால் போகும் பாதி எங்கே போகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். எக்ஸ்சியில் அதே பாட்டை அதே அளவில் வைத்தேன், அவர் தூங்கிவிட்டார்.

சரி, அமைதியான நேரம் வாய்த்தால் எது மேல்? தயங்காமல் சொல்வேன், எக்ஸ். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) தொகுப்பில் வி.எஸ். நரசிம்மனின் வயலினை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டேன். எக்ஸில் வில் நரம்பைத் தொடும் ஓசை, அதன் பின்னால் வரும் நாதம், அதற்கும் பின்னால் பதிவுக்கூடத்தின் காற்று என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கின்றன. சேர்ந்து வரும் மற்ற வயலின்கள் தலைக்கு வெளியே, பக்கவாட்டில் விலகி நிற்கின்றன. எக்ஸ்சியில் அதே வயலின் பக்கத்தில் வந்து உட்கார்கிறது. வில்லின் உரசல் இன்னும் கூர்மை. ஆனால் பின்னணியின் தூரம் சுருங்கிவிடுகிறது. ‘திருவாசகம்’ (2005) சிம்ஃபொனியில் புடாபெஸ்ட் இசைக்குழுவும் பாடகர் குழுவும் ஒன்றாக எழும் இடங்களில் இந்த வித்தியாசம் மிகப் பெரிது. எக்ஸில் அடுக்கு அடுக்காக எழுவது எக்ஸ்சியில் ஒரே திரளாக எழுகிறது. பலெர்மோவில் 1660-ல் பிறந்த அலெஸ்ஸாந்த்ரோ ஸ்கார்லாட்டியின் காந்தாத்தா ஒன்றை, ஒற்றைக் குரலும் சில வாத்தியங்களும் மட்டும் உள்ளதை, வைத்துப் பார்த்தேன். அங்கே இடைவெளி சிறியதுதான். வாத்தியம் குறையக் குறைய மூடிய முதுகின் பாதகமும் குறைகிறது.

மிருதங்கத்தில் கதை கொஞ்சம் மாறுகிறது. தொப்பியில் விழும் அடி எக்ஸ்சியில் நெஞ்சில் விழுகிறது. கேட்ட உடனே பிடித்துப்போகும். ஆனால் தனி ஆவர்த்தனம் வேகம் பிடித்து, கும்கி இழுக்கும் இடத்துக்கு வரும்போது, ஓர் அடியின் மிச்சம் அடுத்த அடியின் மேல் லேசாகப் படிகிறது. எக்ஸில் கனம் சற்றுக் குறைவு. அடிகளுக்கு இடையே உள்ள மௌனம் சுத்தம். சொற்கட்டைப் பின்தொடர விரும்புகிறவருக்கு எக்ஸ்தான். தாளத்தை உடம்பில் வாங்க விரும்புகிறவர் எக்ஸ்சியை விடமாட்டார்.

மோர்சிங்கை வைத்துச் சோதித்ததுதான் எனக்கு மிக நிறைவு தந்தது. சிசிலியில் அதே வாத்தியம் மர்ரன்சானோ என்ற பெயரில் நாட்டுப்பாடல்களில் இன்றும் ஒலிக்கிறது. ஆகவே இரண்டு ஊர்ப் பதிவுகளும் கிடைத்தன. இரும்பு நாக்கின் ஆதார ஒலி மாறாமல் ரீங்கரிக்க, வாசிப்பவர் வாயின் வடிவை மாற்றி மேல் ஒலிகளை ஒவ்வொன்றாக எழுப்புகிறார். ஹெட்போன் எங்கே பொய் சொல்கிறது என்பதை இது காட்டிக்கொடுத்துவிடும். எக்ஸில் மேல் ஒலிகள் ஏணிப்படி போலச் சீராக ஏறுகின்றன, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் ஒரு படி தாழ்வு. அது 3,000-க்கும் 4,000 ஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்ட பகுதி. அந்தப் பகுதியில் எக்ஸ் அடக்கி வாசிக்கும் என்பது அதைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரிந்ததுதான்; பாடகர் குரல் ஓரடி பின்னால் நிற்பது போல் இருப்பதற்கும் அதுவே காரணம். எக்ஸ்சியில் அந்தப் பள்ளம் இல்லை, மாறாக அங்கே ஒரு சிறு மேடு. குரல் முன்னால் வருகிறது, சொற்கள் தெளிவாகின்றன. நீண்ட நேரம் கேட்டால் காது களைக்கிறது. ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தோடு எஸ். ஜானகி பாடிய பாட்டு இதற்கு நல்ல உதாரணம். எக்ஸ்சியில் நாதஸ்வரம் சில இடங்களில் குத்துகிறது. எக்ஸில் குத்தாது, ஆனால் சீவாளியின் கடுமையும் கொஞ்சம் போய்விடுகிறது. ஈக்வலைசரில் எக்ஸின் அந்தப் பகுதியைச் சில டெசிபல் உயர்த்தினால் இரண்டும் ஒருங்கே கிடைக்கும். எக்ஸ்சியின் மேட்டை அதே வழியில் குறைக்கலாம். கிண்ணத்தின் எதிரொலியை மட்டும் ஈக்வலைசரால் முழுதாக எடுக்க முடியாது, அது காலத்தில் பின்தங்கி வருவது.

அந்தப் பாட்டு இன்னொன்றையும் காட்டியது. பழைய மோனோ பதிவுகளில் இடம் வலம் என்ற விரிவே இல்லை. எல்லாம் தலையின் நடுவில் நிற்கும். அங்கே ஓபன்-பேக்கின் பரந்த மேடைக்கு வேலை மிகக் குறைவு. உங்கள் சேகரிப்பில் பெரும்பகுதி 1950, 60-களின் திரைப்பாடல்களும் பழைய கச்சேரிப் பதிவுகளும் என்றால், எக்ஸுக்கும் எக்ஸ்சிக்கும் உள்ள தூரம் நீங்கள் பயப்படும் அளவு இல்லை. ஹெட்போன் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி ஸ்டீரியோ ராக் இசையையும் ஜாஸையும் வைத்தே எழுதப்படுவதால் நம் காதுக்கான இந்த விஷயம் விடுபட்டுப் போகிறது.

எடையைச் சொல்லாமல் விட முடியாது. எக்ஸ் 612 கிராம், எக்ஸ்சி 677 கிராம். இரண்டும் கழுத்துக்குச் சுமைதான். பலெர்மோவில் அதோடு வெயிலும் சேர்கிறது. 2023 ஜூலையில் இந்த நகரம் 47 டிகிரியைத் தொட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து சிரோக்கோ காற்று வீசும் நாட்களில் எக்ஸ்சியை ஒரு முழுக் கச்சேரிக்கு மாட்டியிருக்க என்னால் முடியவில்லை. எக்ஸிலும் காதுமெத்தை வேர்க்கும், ஆனால் பின்வழியாகக் கொஞ்சமாவது வெப்பம் போகிறது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கவனிக்க: காதுமெத்தைக்கும் கன்னத்துக்கும் இடையே கண்ணாடிக் காம்பு விடும் சிறு சந்தில் கீழ் ஒலி கசிந்துவிடும். மெல்லிய காம்புள்ள கண்ணாடிக்கு மாறினால் பெருமளவு சரியாகும்.

பிளேனார் புதிய சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. யமஹா 1976-லேயே எச்பி-1 என்ற பிளேனார் ஹெட்போனை விற்றது. ஒலிவெத்தி நிறுவனத்துக்குக் கணக்குப்பொறிகளை வடிவமைத்த இத்தாலியரான மாரியோ பெல்லினிதான் அதற்கும் வடிவம் கொடுத்தார். ஹெட்போனை ஓர் அழகான பொருளாக முதலில் பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

விலைக்கு வருவோம். புதிதாக வாங்கினால் இரண்டுமே ஆயிரம் யூரோவைத் தாண்டும். இங்கே வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் நம் மக்களுக்கு அது பெரிய பணம். தனி அறையும் அமைதியான இரவும் உள்ளவருக்கு எக்ஸைப் பரிந்துரைக்கிறேன், ஈக்வலைசரோடு. அறையைப் பகிர்ந்து வாழ்கிறவர் எக்ஸ்சியை வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. அமைதி கிடைக்காத வீட்டில் எக்ஸ்சியில்தான் இசையின் நுணுக்கம் கூடுதலாகக் கேட்கும். இவ்வளவு செலவழிக்க விரும்பாதவர்கள் ஹைஃபைமேனின் சுந்தாராவைப் பார்க்கலாம். அதிலும் இரண்டு வடிவங்கள் உண்டு, விலை பெரிதும் குறைவு. ஓபன்-பேக் 372 கிராம், 37 ஓம். மரக்கிண்ணம் வைத்த குளோஸ்டு-பேக் 432 கிராம், 20 ஓம். ஓம் எண்ணே மாறுவதிலிருந்து டிரைவரும் ஒன்றல்ல என்று தெரிகிறது. ஆகவே அந்த ஜோடியை முதுகுச் சோதனைக்கு நான் எடுக்கவில்லை. வாங்குவதற்கு அது தடையல்ல. கடையில் கேட்டுப்பார்க்கும்போது ஒலியளவைச் சமப்படுத்தித் தரச் சொல்லுங்கள், உங்கள் ஊர் மிருதங்கப் பதிவு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.