தூதரோடு திரும்பிய குத்துவாள்

நெருங்கி நின்று கொல்வதற்கென்றே பிறந்த கருவி குத்துவாள். யமன் நாட்டாரின் ஜம்பியா, மலாய் மக்களின் கிரிஸ், துருக்கியரின் கஞ்சர் என நாட்டுக்கு நாடு அதன் வடிவம் மாறிற்று. காலப்போக்கில் அதுவே இடுப்பின் அணிகலனாகவும் ஆயிற்று. அம்மாற்றத்தின் உச்சியில் நிற்பது, இஸ்தான்பூல் தோப்காப்பி அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள மரகதக் குத்துவாள்.

அதன் பிடியில் மூன்று பெரிய மரகதங்கள் வரிசையாகப் பதிந்துள்ளன. பிடியின் தலையில் வேறொரு மரகதம் மூடியாக அமைந்திருக்கிறது. அதைத் திறந்தால் உள்ளே ஒரு சிறு கடிகாரம். பொன்னாலான உறையில் வைரங்களும் பழக்கூடை ஓவியமும் ஒளிர்கின்றன. 1964இல் வெளிவந்த 'தோப்காப்பி' என்னும் திரைப்படம் இதனைத் திருடும் கதையைச் சொல்லி உலகப் புகழ் தேடித் தந்தது. அன்று முதல் காண்போர் பலர் கேட்பது விலையைத்தான். இப்பார்வை குறையுடையது என்பது நம் கருத்து.

போர்வீரன் இறுகப் பற்ற வேண்டிய இடத்தில் மணிகளைப் பதித்த கலைஞன், இவ்வாள் உறையை விட்டு வெளிவரக்கூடாது என்றே எண்ணியிருக்க வேண்டும். இது செய்யப்பட்ட காரணமும் அதுவே. உதுமானியரும் ஈரானியரும் 1743 முதல் பொருதி, 1746இல் உடன்படிக்கை கண்டனர். ஜஃபரி வழியை ஐந்தாம் மத்ஹபாக ஏற்க வேண்டும் என்ற கோரிக்கையை நாதிர் ஷா கைவிட்டார். 1639ஆம் ஆண்டின் எல்லை மீண்டும் ஏற்கப்பட்டது. ஈரானிய ஹாஜிகளின் பயணத்துக்குப் பாதுகாப்பும் உறுதியாயிற்று. அந்த நட்பின் அடையாளமாகச் சுல்தான் முதலாம் மஹ்மூது நாதிர் ஷாவுக்கு அனுப்பிய பரிசுகளுள் ஒன்றே இக்குத்துவாள்.

தூதர் வழியில் இருக்கையிலேயே, 1747 ஜூனில், நாதிர் ஷா தம் படைத்தலைவர்கள் சிலராலேயே கூடாரத்தில் கொல்லப்பட்டார். 1739இல் டில்லியைச் சூறையாடியவரின் முடிவு அது. கடிகாரத்தைத் தலையில் சுமந்த பரிசு காலத்தோடு போய்ச் சேரவில்லை. தூதரோடு இஸ்தான்பூலுக்கே திரும்பிற்று.

ஆனால் உடன்படிக்கை அழிந்துவிடவில்லை. ஈரான் குழப்பத்தில் தத்தளித்தபோதும் உதுமானியர் அதன்மீது படையெடுக்கவில்லை. 1775இல் ஈரானியர் பஸ்ராவை முற்றுகையிடும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், இரு முஸ்லிம் அரசுகளுக்குமிடையே பெரும்போர் மூளவில்லை. மரகதங்களின் விலையை வணிகர் கூறட்டும். சிந்தாத குருதியின் விலையைக் கொண்டே இக்கலைப்பொருளை நாம் மதிப்பிட வேண்டும்.