அணுவை ஆராய்ந்த பள்ளிகள்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் வழியில், சுற்றுப்புற ஊர்களில் நயினார் எனப்படும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இருப்பது மேல்சித்தாமூரில். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் இரு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் அங்கே உண்டு. நம் விழுப்புரம் மாவட்டப் பிள்ளைகளுக்கு அணுவின் கதையை டால்டனிலிருந்துதான் தொடங்குகிறோம். சமணரும் அணுவை ஆராய்ந்தவர்கள் என்பதால் இந்தக் குன்றிலிருந்தும் தொடங்கலாம்.

பழந்தமிழகத்தில் அணுவைப் பற்றிப் பல பள்ளிகள் வாதிட்டன. மணிமேகலையின் 27ஆம் காதையில் ஆசீவகர் தம் கொள்கையைச் சொல்கிறார்: அணு புதிதாகப் பிறக்காது, அழியாது, இரண்டாகப் பிளக்காது, நீர் அணு நில அணுவாக மாறாது. தனி அணு தெய்வக் கண்ணுக்கே தெரியும். மற்றவருக்குத் திரள்தான் தெரியும், அந்தி நேரத்தில் ஒற்றை மயிர் தெரியாமல் மயிர்க்கற்றை தெரிவதுபோல. (1955இல் எர்வின் முல்லரும் அவர் மாணவர் கன்வர் பகதூரும் டங்ஸ்டன் ஊசிமுனையில் தனித்தனி அணுக்களைப் புள்ளிகளாகக் கண்டார்கள்.) வைசேடிகர் இரண்டிரண்டாகச் சேர்ந்த அணுக்களில் மூன்று இணைகள் கூடினால்தான் கண்ணுக்குத் தெரியும் துகள் உண்டாகும் என்றனர். சமணக் காப்பியத் தலைவி நீலகேசி இவ்விரு பள்ளிகளோடும் வாதிடுகிறாள்.

சமணர் கொள்கையே என்னை அதிகம் ஈர்க்கிறது. பரமாணுக்கள் அடிப்படையில் ஒரே இனம். நிலம், நீர் என்ற பேதம் குணமாற்றத்தால் வருவது. அவை ஏன் சேர்கின்றன? பசைத்தன்மை, வறட்சி என்ற இரு குணங்களால் என்கிறது தத்துவார்த்த சூத்திரம். அதற்கும் விதி வைத்திருக்கிறார்கள்: மிகக் குறைந்த படியில் உள்ளவை சேரா, இரண்டு படி வித்தியாசம் வேண்டும். பிணைப்புக்கும் அளவு கேட்ட பள்ளி இது. இதை வைத்து முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களுடைய உரைகல் ஆகமமும் தருக்கமும், சோதனை அல்ல.

டால்டனின் உரைகல் தராசு. 1808இல் அவரும் அணுவைப் பிளக்க முடியாது என்றே எழுதினார். 1897இல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டதும் அந்த நம்பிக்கை போயிற்று. நேர்மின்மேகத்தில் எலக்ட்ரான்கள் பதிந்திருக்கின்றன என்ற அவர் மாதிரியும் நெடுநாள் நிற்கவில்லை. 1909இல் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகட்டின்மேல் ஆல்பா துகள்களைச் செலுத்தினர். ஏறக்குறைய எட்டாயிரத்தில் ஒன்று திரும்பி வந்தது. அந்த ஒன்றை ரூதர்போர்டு அலட்சியப்படுத்தவில்லை. 1911இல் அணுக்கருவை அறிவித்தார். 1919இல் ஆல்பா துகள் மோதி நைட்ரஜன் அணுக்கரு சிதைவதற்கான சான்றையும் வெளியிட்டார். ஓரணு வேறணுவாகாது என்ற ஆசீவக விதியும் நிலைக்கவில்லை.

நீல்ஸ் போர் 1913இல் எலக்ட்ரானுக்கு வகுத்த வட்டப்பாதைகள் ஹைட்ரஜனின் நிறமாலைக்கு நன்கு பொருந்தின, ஹீலியத்துக்குப் பொருந்தவில்லை. ஒரே ஒரு எலக்ட்ரான் கூடியதற்கே தடுமாறிய அந்த மாதிரியை ஷ்ரோடிங்கரின் 1926ஆம் ஆண்டுச் சமன்பாடு பின்தள்ளியது. மறு ஆண்டே ஹைட்லரும் லண்டனும் அதைக் கொண்டு இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஏன் பிணைகின்றன என்று கணக்கிட்டுக் காட்டினார்கள்.