முறையீட்டின் இலக்கணம்

இலக்கியம் என்றதும் காப்பியமும் பாட்டும் சிறுகதையும் நம் நினைவுக்கு வருகின்றன. அரசுக்கும் அலுவலகத்துக்கும் எழுதும் விண்ணப்பத்தை எவரும் அவ்வரிசையில் வைப்பதில்லை. தேர்வுக்குரிய கடித வகைகளுள் ஒன்றாக அதனை ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும் சிலப்பதிகாரத்தின் உயிர்நிலை ஒரு முறையீடு அன்றோ? கண்ணகி பாண்டியன் அவையில் அழுததோடு நிற்கவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். தம் சிலம்பின் பரல் முத்து என்றான் அரசன். உடைத்தபோது மணி தெறித்தது. புலம்பலுக்கும் முறையீட்டுக்கும் உள்ள வேற்றுமை அந்த ஒரு செயலில் விளங்கிவிடுகிறது. சான்று, வழக்கு, வேண்டுகை என்னும் மூன்றும் அமைந்ததே முறையீடு.

இவ்வளவுகோலைக் கொண்டு, ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியப் புகைவண்டிகளைப் பற்றி எழுந்த இரண்டு முறையீடுகளை ஈண்டு நோக்குவோம்.

முதலாவது, 1909ஆம் ஆண்டு ஒகில் சந்திர சென் என்னும் வங்காளப் பயணி சாகிப்கஞ்ச் கோட்ட அலுவலகத்துக்கு எழுதியதாக வழங்கும் கடிதம். பலாப்பழம் உண்டு வயிறு உப்பியவர் அகமத்பூர் நிலையத்தில் இறங்கி ஒதுங்குகிறார். அதற்குள் கார்டு ஊதல் ஊதிவிடுகிறார். ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடியவர், ஆணும் பெண்ணும் பார்த்திருக்க மேடையில் விழுகிறார், வண்டி போய்விடுகிறது. அந்தக் கார்டுக்குப் பெருந்தண்டம் விதிக்க வேண்டும், இல்லையேல் பத்திரிகைகளுக்கு எழுதுவேன் என்று முடிக்கிறார்.

இக்கடிதத்தின் பிழை மலிந்த ஆங்கிலத்தைக் கண்டு நகைப்பதே வழக்கமாகிவிட்டது. நகைப்பவர் அதன் அமைப்பை நோக்குவதில்லை. நிகழ்ந்த இடம் உண்டு. செயல் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கிறது. குற்றம் இன்னார்மேல் என்பது தெளிவு. கேட்பது இன்னதென்பதும் தெளிவு. நாணத்தை விட்டு உண்மையைச் சொல்லும் துணிவும் உண்டு. ஆனால், வண்டியில் கழிப்பறை இல்லாத குறையை விட்டுவிட்டுக் கார்டு ஒருவரைத் தண்டிக்கச் சொல்கிறார். நோயை விட்டு நோவை மட்டும் காட்டுகிறது இக்கடிதம். இதனால்தான் வண்டிகளில் கழிப்பறை வந்தது என்று சொல்லிவருகின்றனர். அது கதையாயினும் ஆகுக. கடிதம் கேட்டது அதனையன்று.

இரண்டாவது, காந்தியடிகள் 1917ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் ராஞ்சியிலிருந்து மூன்றாம் வகுப்புப் பயணம் குறித்துப் பத்திரிகைகளுக்கு எழுதியது. அவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அக்காலத்தின் காற்பங்குக்கு மேல் மூன்றாம் வகுப்பு வண்டிகளில் கழிந்தது என்கிறார். வடக்கே லாகூர் வரையிலும் தெற்கே நம் தரங்கம்பாடி வரையிலும் சென்றவர் அவர்.

பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் கட்டணம் 13 ரூபாய் 9 அணா. 22 பேர் அமரும் பெட்டியில் ராய்ச்சூருக்குப் பின் 35 பேர். கழிப்பறைத் தொட்டியில் நீரில்லை. வழி முழுதும் பெட்டியை ஒருமுறையும் பெருக்கவில்லை. தேநீரின் நிறத்துக்குத் தாம் சான்று என்றும் அதன் சுவைக்குப் பிற பயணிகளே சான்று என்றும் பிரித்துச் சொல்கிறார். தாம் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் கலவாத இந்த நேர்மை, கட்டுரை முழுவதற்கும் நம்பகம் தருகிறது.

நம் உரையாசிரியர்கள் தடை எழுப்பி விடை கூறுவதைப் போல, போர்க்காலம் என்னும் மறுமொழியை அவரே எழுப்பி அவரே மறுக்கிறார். நெருக்கடியில் பயணத்தையே நிறுத்தினால் அது விளங்கும்; அழுக்கையும் நெரிசலையும் வளர்ப்பதற்குப் போர் காரணமாகாது என்பது அவர் விடை. சென்னைப் பயணத்தில் முதல் வகுப்புக் கட்டணம் ஐந்து மடங்குக்குச் சற்று மேல். வசதியில் பத்தில் ஒரு பங்கேனும் மூன்றாம் வகுப்பாருக்கு உண்டா என வினவுகிறார். வைசிராய் முதலானோர் முன்னறிவிப்பின்றி மூன்றாம் வகுப்பில் சென்று பார்க்கட்டும் என்பது அவர் வேண்டுகை. முன்னவர் ஒருவரைத் தண்டிக்கக் கேட்டார். இவர் ஆள்வோர் கண்டு உணரக் கேட்டார். முறையீடு ஒருவர் துன்பத்திலிருந்து பொதுநீதிக்கு உயரும் இடம் இதுவே.

இக்கட்டுரையில் தமிழர் கருத வேண்டிய ஓரிடம் உண்டு. திரும்பும் பயணத்தில் உடன் வந்தவர்களை அடிகள் எண்ணிக் கூறுகிறார். பஞ்சாபி முசுலிம்கள் மூவர், வணிகர் இருவர், பண்புடைய தமிழர் இருவர். வணிகர் தாம் கொடுத்த இலஞ்சத்தைச் சொல்கின்றனர். பஞ்சாபியருள் ஒருவர், நிலையத்தில் பகல் முழுதும் இலஞ்சம் கைமாறக் கண்டதைச் சொல்கிறார். மற்றொருவர் தாம் ஐந்து ரூபாய் கொடுத்ததைச் சொல்கிறார். தமிழர் இருவரும் ஒரு சொல்லும் சொன்னதாகக் கட்டுரையில் இல்லை. பண்புடையவர் என்ற பாராட்டு மட்டும் அவர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் பட்டது பதிவாகவில்லை.

இம்மௌனத்தை நம் இயல்பென்று கொள்ளலாகாது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் தம் கோரிக்கைகளில், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் இழிவை ஒழிக்கக் கேட்டனர்; பிள்ளைகளுக்குத் தக்க கல்வியும் கேட்டனர். மிதிவண்டி என்னும் அந்த ஒரு சொல், அடிமைத்தனம் என்று நூறு முறை எழுதுவதினும் வலியது. அது கண்ணகியின் பரல் போன்றது.

கோலாலம்பூரிலிருந்து ரவாங் வழியாக வடக்கே செல்லும் இருப்புப்பாதை 1890களில் இடப்பட்டது. மலாயாவின் பாதைகளை இட்ட கைகளுள் தமிழர் கைகள் மிகப் பல. புக்கிட் பெருந்துங்கில் வாழும் எம் மாணவர் அப்பாதையின் அருகே வளர்கின்றனர். அவர்களிடம் விண்ணப்பம் எழுதச் சொன்னால், எங்கள் பகுதியில் பல குறைகள் உள்ளன, ஆவன செய்ய வேண்டுகிறேன் என்று எழுதிக் கையொப்பமிடுகின்றனர். எந்தக் குறை, எங்கே, எத்தனை நாளாய், யாருக்கு என்பதில்லை. விளிச்சொல்லும் முகவரியும் சரியாயிருந்தால் நாமும் மதிப்பெண் அளித்துவிடுகிறோம்.

பயிற்சிக் கல்லூரிகளில் நாம் கற்ற முறை கடிதத்தின் சட்டகத்தைக் கற்பிப்பது. சட்டகம் வேண்டும், அதனுள் பொருள் வேண்டாமா? ஒரு வகுப்பில் மாணவரைப் பேருந்து நிறுத்தத்துக்கு அழைத்துச் சென்று எண்ணச் செய்யலாம், அளக்கச் செய்யலாம், கண்டதையும் கேட்டதையும் பிரித்து எழுதச் செய்யலாம். அதன்பின் காந்தியடிகளின் கட்டுரையைப் படித்துக் காட்டினால் அதன் அருமை அவர்களுக்குப் புலனாகும். பிழையற எழுதக் கற்பது நன்று. ஆனால் ஒகில் சந்திர சென் பிழையோடு எழுதியதால் இன்றும் பேசப்படுகிறார். அந்தத் தமிழர் இருவரும் எழுதாமையால் பெயரும் இன்றிப் போயினர்.